வருடம் பத்தாயிரம் ரூபா ஹோஸ்டிங்கில் லாரவெல் ஓடுமா?

லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வேர்க்கில் எழுதிய ஆப் ஒன்றை, பலரும் ஒரே சேர்வரைப் பங்குபோடும் ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் போடப் போகிறேன் என்று கொழும்பில் வேலை செய்யும் டெவலப்பர் பொடியன்களிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "மச்சான், பேசாமல் ஒரு விபிஎஸ் எடு" என்பார்கள். விபிஎஸ் என்றால் நமக்கென்று தனியாக ஒதுக்கி, நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய சேர்வர். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஹட்டனில் சா/த, உ/த வகுப்பு நடத்துகிற ஒரு டியூட்டரி மாதா மாதம் டொலரில் காசு கட்டி, லினக்ஸ் சேர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்து... நடக்கிற காரியமா? டொலரை 300 ரூபா என்று போட்டுப் பார்த்தாலும் ஐந்து டொலர் விபிஎஸ் கூட மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய கார்ட் வேறு வேண்டும், அப்டேட், ஃபயர்வோல், பேக்கப் எல்லாம் நம் தலையில். உள்ளூர் ஷெயார்ட் ஹோஸ்டிங் வருடம் பத்தாயிரத்துக்குள் முடிகிறது, பேங்கில் காசைப் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றைக்கே கணக்கு திறந்துவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது, எங்கே இடிக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அந்த டியூட்டரியின் ஆப்பை இரண்டு கம்பனிகளில் போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டும் உள்ளூர், இரண்டிலும் கணக்கை நிர்வகிக்கும் பக்கம் சிபேனல், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் லாரவெல் போடுகிறவனுக்கு இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெயர்களைப் போடப் போவதில்லை. பிளானை மாற்றுவார்கள், சேர்வரை மாற்றுவார்கள், இன்றைக்கு நன்றாக இருப்பது அடுத்த வருடமும் அப்படியே இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் எந்தக் கம்பனியையும் நீங்களே எடை போடலாம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிற '50 ஜிபி', 'அன்லிமிட்டட் பேண்ட்வித்', 'ஃப்ரீ டொமைன்' இதெல்லாம் லாரவெலுக்கு ஒரு பொருட்டே இல்லை. டியூட்டரியின் ஆப், டேட்டாபேஸ், பிள்ளைகளின் போட்டோ எல்லாம் சேர்ந்தும் ஒரு ஜிபியைத் தொடவில்லை. டொமைன் எந்த போல்டரைக் காட்ட வேண்டும் என்று நாமே சொல்ல முடியுமா, கட்டளை தட்டுகிற டெர்மினல் தருவார்களா, குறித்த நேரத்துக்கு வேலையை எழுப்பும் கிரோன் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட விடுவார்கள், இவைதான் கேள்வி. விலைப்பட்டியலில் இவற்றைத் தேடினால் கிடைக்காது.

ஆப் அப்படிப் பெரிய விஷயம் இல்லை. பிள்ளைகளின் வரவு, மாதக் கட்டணம், மாதப் பரீட்சை மார்க்ஸ், பிடிஎஃப்பாக ஒரு பற்றுச்சீட்டு, வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ். லாரவெல் 12, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். வீட்டில் அப்பா அம்மா பார்ப்பதெல்லாம் போனில்தான், அதுவும் தோட்டத்தில் சிக்னல் பிடிக்கிற ஏதோ ஒரு மூலையில் நின்றுகொண்டு. அதனால் ஆப்பின் வேகத்தை விட, அது கேட்ட நேரத்தில் திறக்கிறதா என்பதுதான் அங்கே பெரிய விஷயம்.

சரி, முதல் இடி போல்டரில் விழுகிறது. 2011-இல் டெய்லர் ஒட்வெல் வெளியிட்ட லாரவெலின் அமைப்பே சேர்வர் முழுக்க நம் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் செய்தது. உள்ளே பத்துப் பதினைந்து போல்டர்கள், வெளியுலகம் பார்க்க வேண்டியது 'பப்ளிக்' என்ற ஒன்றை மட்டும். சிபேனலில் நாம் கணக்கு திறந்த முக்கிய டொமைனோ 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்ற போல்டரைத்தான் காட்டும், அதை நாம் மாற்ற முடியாது, கம்பனிக்காரர் மட்டும் மாற்றலாம். முதல் கம்பனியில் இதைக் கேட்டு டிக்கெட் போட்டேன். வந்த பதில், முழு லாரவெலையும் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் கொட்டிவிட்டு, சேர்வருக்கு வழி சொல்லும் எச்டி அக்சஸ் பைலில் இரண்டு வரி போட்டு பப்ளிக்குக்குத் திருப்பிவிடுங்கள் என்பது. ஒன்லைனிலும் பாதிப் பேர் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், செய்தால் ஓடவும் ஓடும். ஆனால் அந்த இரண்டு வரியில் ஏதாவது பிசகினாலோ, நாளைக்கு வேறு யாராவது அந்த பைலை மாற்றினாலோ, டொமைன் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷும், லாரவெல் தன் இரகசியங்களை வைத்திருக்கும் பைலின் பெயரான 'டாட் ஈஎன்வி'யும் தட்டுகிற எவனுக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், ஆப் கீ, எஸ்எம்எஸ் கணக்கின் டோக்கன் எல்லாம் வெறும் எழுத்தாக வந்து நிற்கும். அப்பாச்சி என்ற வெப் சேர்வர் மென்பொருள் தானாக மறைப்பது 'டாட் எச்டி' என்று தொடங்கும் பைல்களை மட்டும், ஈஎன்வியைக் கண்டுகொள்ளாது. இதையே தேடிக்கொண்டு பொட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) எந்நேரமும் சுற்றுகின்றன. புதிய டொமைன் ஒன்றைத் திறந்துவிட்டு, யார் யார் வந்தார்கள் என்று குறிக்கும் லொக் பைலைப் பாருங்கள், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவை வந்துவிட்டுப் போயிருக்கும்.

இதற்கு ஒழுங்கான வழி, ஆப் முழுவதையும் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு வெளியே, ஹோம் போல்டரில் தனியாக வைப்பது. அப்புறம் பப்ளிக்கில் இருப்பதை மட்டும் பப்ளிக் எச்டிஎம்எல்லில் போட்டு, இன்டெக்ஸ் பைலில் உள்ள பாதைகளைத் திருத்தலாம். திருத்தியதும் லாரவெல் எழும்பும், ஆனால் பக்கம் வராமல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பைல்களின் பட்டியலான 'வீட் மேனிஃபெஸ்ட்' காணோம் என்று எரர் அடிக்கும், ஏனென்றால் லாரவெல் இன்னும் பழைய பப்ளிக் போல்டரில்தான் தேடிக்கொண்டிருக்கும். புதிய பாதையை அதற்கு ஒரு வரியில் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதை விட சுத்தமானது, சப்டொமைன் ஒன்றில் ஆப்பைப் போடுவது. சப்டொமைன் திறக்கும்போது எந்த போல்டர் என்று சிபேனலே கேட்கும், ஆப்பின் பப்ளிக்கை நேரே காட்டிவிடலாம், ஒரு வரி கோட் மாற்ற வேண்டாம். இப்போது இருக்கும் இரண்டாவது கம்பனியில் அந்தச் சிரமமும் இல்லை. முக்கிய டொமைனின் போல்டரை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன், மதியச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிட்டு "செக் பண்ணிப் பாருங்கள்" என்று பதில் போட்டார்கள். லாரவெலை அறிந்த ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது. காசு கட்ட முன்னால் இந்த ஒரு கேள்வியைச் சேல்ஸ் நம்பருக்கு அனுப்பிப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி ரிவியூ முடிந்துவிடும்.

பிஎச்பி பதிப்பு சின்னப் பிரச்சினைதான், ஆனால் ஆளைச் சுற்றவிடும். லாரவெல் 11-க்கும் 12-க்கும் பிஎச்பி 8.2 ஆவது வேண்டும். முதல் கம்பனியில் கணக்கு திறந்தபோது இருந்தது 7.4. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பரோடு நின்றுவிட்டது, பழைய வேர்ட்பிரஸ் தளங்கள் உடைந்துவிடும் என்று பயந்து அப்படியே வைத்திருப்பார்கள் போலும். சிபேனலில் 8.2-க்கு மாற்றலாம், அது இலேசு. வேடிக்கை என்னவென்றால் வெப்சைட்டுக்கு மாற்றிய பதிப்பு டெர்மினலுக்கு மாறாது. பிரவுசரில் எல்லாம் சரியாக ஓடும், டெர்மினலில் லாரவெலின் ஆர்டிசன் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் உங்கள் பிஎச்பி பழையது என்று, பொதிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கொம்போசர் கத்தும். கிரோனிலும் இதே கதை, ஆனால் கிரோன் கத்தாது, சத்தமில்லாமல் செத்துப்போகும். 8.2-இன் முழுப் பாதையையும் எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடும், அந்தப் பாதை என்ன என்பதைச் சப்போர்ட்டிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷெயார்ட் ஹோஸ்டிங்குக்கென்றே செய்த கிளவுட்லினக்ஸ் உள்ள சேர்வரில் பிஎச்பியின் கூடுதல் பகுதிகளான எக்ஸ்டென்ஷன்களுக்கு டிக் போடுகிற ஒரு பக்கம் இருக்கும். அதில், பைல் எந்த வகை என்று பார்க்கும் 'பைல் இன்ஃபோ'வுக்கு டிக் இல்லாவிட்டால் பிள்ளையின் போட்டோவை ஏற்றும்போதுதான் ஆப் விழும், அதுவரை எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

டெர்மினல் இல்லாத ஹோஸ்டிங் எவ்வளவு கொடுமை என்பதை மலைநாட்டில் இருக்கிறவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். கொம்போசர் கொண்டுவரும் பொதிகள் நிற்கும் வெண்டர் போல்டரில் இருப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல்கள். மொத்த அளவு பெரிதில்லை, ஆனால் பைல்களைச் சேர்வருக்கு ஏற்றும் எஃப்டிபி ஒவ்வொரு பைலுக்கும் தனித்தனியாகப் போய், கேட்டு, பதில் வாங்கி, அடுத்ததைத் தொடும். பைபர் இருக்கிற கொழும்பு வீட்டில் இது ஒரு டீ குடிக்கிற நேரம் என்றால், பின்னேரம் மழை இறங்கினதும் ரவுட்டரில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற இடத்தில் ஃபைல்சில்லா என்ற எஃப்டிபி மென்பொருளில் கீழே 'தோல்வியடைந்தவை' என்ற பட்டியல் நீண்டுகொண்டே போகும், நடுவில் ஒரு தடவை கரண்டும் போகும். எந்த பைல் ஏறியது, எது பாதியில் நின்றது என்று தெரியாமல், ஏதோ ஒரு கிளாஸ் இல்லை என்று ஆப் அழும். டெர்மினல் இல்லாவிட்டால் செய்யக்கூடிய ஒரே மரியாதையான வேலை, லெப்டொப்பிலேயே டெவலப்மெண்ட் பொதிகளைத் தவிர்த்து கொம்போசரை ஓட்டி, முழுவதையும் ஒரே சிப் பைலாக்கி ஏற்றி, சிபேனல் பைல் மெனேஜரில் விரிப்பது. ஒரே பைல் என்பதால் அறுந்தாலும் அறுந்தது தெரியும்.

இரண்டாவது கம்பனியில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து டெர்மினலுக்குப் போகும் வழி) இருக்கிறது, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் இருக்கிறது, கொம்போசரும் இருக்கிறது. கோட் மாற்றினால் லெப்டொப்பிலிருந்து கிட்டுக்குத் தள்ளிவிட்டு, சேர்வரில் இழுத்து எடுத்தால் முடிந்தது, மாறிய சில கேபி மட்டும்தான் போகும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போன் டேட்டாவில் பஸ்ஸில் வரும்போது கூடத் திருத்தம் போடலாம், தலவாக்கலை வளைவுகளில் டைப் அடிக்க முடிந்தால். ஒரே குறை, மெமரி எல்லை இறுக்கமாக இருப்பதால் கொம்போசர் அப்டேட் கொடுத்தால் நடுவில் 'கில்ட்' என்று ஒரு சொல்லோடு நின்றுவிடும். அப்டேட்டை லெப்டொப்பில் செய்து, எந்தப் பொதியில் எந்தப் பதிப்பு என்று குறித்திருக்கும் 'கொம்போசர் டாட் லொக்' பைலை அனுப்பி, சேர்வரில் இன்ஸ்டோல் மட்டும் கொடுத்தால் தாங்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ் அங்கே இல்லை, ஆகவே சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பில்டையும் லெப்டொப்பில் செய்தே ஏற்ற வேண்டும்.

விண்டோஸில் எழுதுகிறவர்களுக்கு இடையில் ஒன்று: விண்டோஸுக்குப் பைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்று. லினக்ஸுக்கு இல்லை. வீட்டில் ஓடுகிறது, சேர்வரில் ஓடவில்லை என்று யாராவது கோல் எடுத்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். அதே மாதிரி லெப்டொப்பில் கொன்ஃபிக் கேஷ் (செட்டிங்குகளை ஒரே பைலில் சேர்த்து வைக்கும் கட்டளை) ஓட்டிவிட்டு அந்த கேஷ் பைலையும் சேர்த்து ஏற்றினால், சேர்வர் உங்கள் 'சி' டிரைவைத் தேடும்.

இனித் தமிழ். இங்கேதான் இந்திய, அமெரிக்க டியூட்டோரியல்கள் எதுவும் உதவாது. டேட்டாபேஸில் தமிழ் எழுத்து நிற்பது இப்போது பிரச்சினையே இல்லை, லாரவெல் தொடக்கத்திலேயே எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4-இல்தான் அட்டவணை உருவாக்குகிறது. லெப்டொப்பில் மைஎஸ்கியூஎல் 8 வைத்துக்கொண்டு எடுத்த டம்ப் பைலை (டேட்டாபேஸின் நகல்), மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியின் பழைய பதிப்பு ஓடும் சேர்வரில் ஏற்றினால் மட்டும் '0900' என்று வரும் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடும் விதி) தெரியாது என்று திருப்பி அனுப்பும். டம்ப் பைலைத் திறந்து அந்தப் பெயரை 'யூனிகோட்' கொலேஷனுக்கு மாற்றிவிட்டால் போதும், அல்லது டம்ப்பே வேண்டாம், அட்டவணைகளை உருவாக்கும் மைக்ரேஷனை அங்கேயே ஓட்டுங்கள்.

பிடிஎஃப் அப்படி இல்லை. லாரவெல்காரர்கள் எல்லோரும் எடுப்பது டொம்பிடிஎஃப் என்ற லைப்ரரி. அதில் தமிழ் பற்றுச்சீட்டு போட்டுப் பார்த்தால் 'செல்வி' என்ற பெயரில் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும், 'கோ' என்றால் கொம்பும் காலும் சேர்ந்து பின்னால் வரும். தாயொருத்தி பிள்ளையின் பெயரை அப்படிப் பார்த்தால் டியூட்டரியைப் பற்றி என்ன நினைப்பாள்? எழுத்துகளை யூனிகோடில் இருக்கிற வரிசையிலேயே அது வரைந்துவிடுகிறது, இடம் மாற்றிப் போடத் தெரியாது. இதற்குச் சொல்லப்படும் தீர்வு, பிரவுசர் ஒன்றைச் சேர்வரிலேயே ஓட்டி அதிலிருந்து பிடிஎஃப் எடுப்பது. அது விபிஎஸ்ஸில் சரி. ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் குரோமை நிறுவ விடமாட்டார்கள், விட்டாலும் அதை அழைக்கத் தேவையான ஃபங்ஷன்களைப் பாதுகாப்புக்காக மூடி வைத்திருப்பார்கள். எம்பிடிஎஃப் என்று இன்னொரு லைப்ரரி இருக்கிறது, முழுக்க பிஎச்பியிலேயே எழுதியது, இந்திய எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஓடிஎல் வசதி அதில் உண்டு. நல்ல யூனிகோட் தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்து, அந்த எழுத்துருவுக்கு ஓடிஎல்லை ஆன் செய்தால் கொம்பு அதன் இடத்துக்குப் போய்விடும். மெமரியைக் கொஞ்சம் தின்னும். ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே அழுத்தில் பற்றுச்சீட்டு எடுக்கப் பார்த்தால் சேர்வர் மறுக்கிறது, கியூவில் (வேலைகளின் வரிசை) போட்டு ஒன்றொன்றாக எடுத்தால் எடுக்கிறது. டியூட்டரி சேருக்கு இந்த ஹோஸ்டிங்கில் ஆகப் பிடித்த விஷயமே அந்தத் தமிழ் பற்றுச்சீட்டுதான், அதில் ஹோஸ்டிங் கம்பனிக்கு எந்தப் பங்கும் இல்லை என்பது வேறு கதை.

கியூ என்றதும் கிரோன். குறித்த நேர வேலைகளைப் பார்க்கும் லாரவெலின் செட்யூலரை நிமிடத்துக்கு ஒரு தடவை எழுப்ப வேண்டும் என்பதுதான் சட்டம். முதல் கம்பனியில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைய விடமாட்டார்கள், இப்போதைய இடத்தில் ஐந்து. ஐந்து நிமிடம் ஒரு டியூட்டரிக்குத் தாராளம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது: செட்யூலர் எழும்பிய அந்த நிமிடத்துக்குரிய வேலையை மட்டும்தான் பார்க்கும், முன்னால் தவறிப்போனதைத் தேடிப் போகாது. மாலை 6.03-க்கு எஸ்எம்எஸ் அனுப்பு என்று எழுதி வைத்தால் அது ஒரு நாளும் போகாது. 6.05 என்று போட வேண்டும். கூடவே நேர வலயம் 'ஏசியா கொலம்போ' என்று இருக்க வேண்டும், லாரவெல் தொடக்கத்தில் யூடிசியில் இருக்கும், அதை மாற்றாவிட்டால் மாலை ஆறு மணி எஸ்எம்எஸ் இரவு பதினொன்றரைக்குப் போய் தோட்டத்தையே எழுப்பிவிடும். கியூவில் உள்ள வேலைகளைச் செய்யும் கியூ வேர்க்கரை நிரந்தரமாக ஓடவிட ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் வழியில்லை, விட்டாலும் கொன்றுவிடுவார்கள். கிரோனில் 'ஸ்டொப் வென் எம்ப்டி' என்ற தெரிவோடு எழுப்பினால் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத் தானாகப் படுத்துக்கொள்ளும். நன்றாக வேலை செய்கிறது, குறை சொல்ல எதுவும் இல்லை.

எஸ்எம்எஸ் பற்றி ஒரு இடைச்செருகல், ஹோஸ்டிங்கோடு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் பில் வரும்போது ஹோஸ்டிங்கை விட இது கூட வரும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான், புள்ளியும் கொம்பும் கூடத் தனித்தனியாக எண்ணப்படும். 'உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை' என்பதற்கே இடைவெளியோடு 40 போய்விடுகிறது. பிள்ளையின் பெயர், டியூட்டரியின் பெயர், போன் நம்பர் சேர்ந்தால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. சுருக்கி எழுதுங்கள்.

இப்போது மார்க்ஸ் போட்ட பின்னேரத்துக்கு வருகிறேன், ஷெயார்ட் ஹோஸ்டிங்கின் உண்மை நிறம் தெரிவது அங்கேதான். முதல் கம்பனியில் இருந்த காலம். மாதப் பரீட்சை மார்க்ஸை ஏற்றிவிட்டு, சேர் வட்ஸ்அப் குரூப்பில் லிங்கைப் போட்டார். இரண்டு நிமிடம் இருக்காது, எனக்குக் கோல். "தம்பி, ஏதோ ரிசோர்ஸ் லிமிட் என்று வருகிறதாம், பிள்ளைகள் எல்லாம் எனக்கு எடுக்கிறார்கள்." 508 எரர். கிளவுட்லினக்ஸில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை உள்ளே இருக்கலாம் என்று ஓர் எல்லை உண்டு, 'என்ட்ரி புரோசஸ்' என்பார்கள். விளம்பரத்தில் அன்லிமிட்டட் என்று எழுதியிருக்கிற அதே பிளானில் அது இருபதோ என்னவோ. பிள்ளைகள் பக்கம் வரவில்லை என்றால் சும்மா இருப்பார்களா, ரிஃப்ரெஷ் அடித்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் எல்லை திரும்பத் திரும்ப முட்டும். சப்போர்ட்டுக்கு எழுதினால் பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று ஒரு லிங்க். ஷெயார்ட் ஹோஸ்டிங் லயத்து வாழ்க்கை மாதிரி, பக்கத்து காம்பராவில் ரேடியோ போட்டால் நமக்கும் கேட்கத்தான் செய்யும், அது தெரிந்துதான் வாங்குகிறோம். ஆனால் அன்றைக்கு நம் சத்தத்தை நாமே தாங்க முடியாமல் போனதற்குக் காரணம் எல்லை மட்டுமில்லை. அந்தச் சேர்வரில் ஓபிகேஷ் (ஒரு தடவை வாசித்த பிஎச்பி பைல்களை நினைவில் வைக்கும் வசதி) மூடிக் கிடந்தது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் லாரவெலின் அத்தனை பைலையும் முதலிலிருந்து வாசித்து, ஒரு பக்கத்தைத் தர இரண்டு மூன்று செக்கன் எடுத்தது. கோரிக்கை சீக்கிரம் வெளியே போனால்தானே அடுத்தது உள்ளே வரும்.

இப்போதைய இடத்தில் எல்லை கொஞ்சம் தாராளம், ஓபிகேஷ் ஓடுகிறது, லைட்ஸ்பீட் சேர்வர். கொன்ஃபிக், ரவுட், வியூ மூன்றுக்கும் கேஷ் ஓட்டி வைத்திருக்கிறேன், மார்க்ஸ் பக்கத்தில் லொகின் முடிந்ததும் ஒரே ஒரு டேட்டாபேஸ் குவெரிதான். அதோடு தரம் 10-க்கு ஒரு நேரம், தரம் 11-க்கு ஒரு நேரம் என்று லிங்கைப் பிரித்துப் போடச் சொன்னேன். சேருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, "காசு கொடுத்து வாங்கினதுக்கு நாம் ஏன் பயந்து பயந்து போட வேண்டும்" என்றார். நியாயமான கேள்விதான். பத்தாயிரம் ரூபாவுக்கு அவ்வளவுதான் சேர் என்றேன், சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு 508 வரவில்லை.

மற்றவை சில்லறை. ஏற்றிய போட்டோக்களை வெளியே காட்டும் ஸ்டோரேஜ் லிங்க் கட்டளை பல இடங்களில் வேலை செய்யாது, சிம்லிங்க் ஃபங்ஷனை மூடியிருப்பார்கள். டெர்மினலில் லினக்ஸின் 'எல்என்' கட்டளையைக் கொடுத்தால் அதே வேலை முடிந்தது. பெர்மிஷன் எரர் வந்தால் எல்லாவற்றுக்கும் 777 (யாரும் வாசிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) போடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், ஷெயார்ட் சேர்வரில் சில இடங்களில் 777 போட்டாலே 500 எரர் வரும். எஸ்எஸ்எல் (பிரவுசரில் பூட்டுக் குறி தரும் சான்றிதழ்) இலவசம், லெட்ஸ் என்கிரிப்ட் அல்லது சிபேனலின் ஓட்டோ எஸ்எஸ்எல் தானாகப் போட்டுவிடும், இதற்குத் தனியாகக் காசு கேட்கும் கம்பனியிடம் வாங்கவே வேண்டாம். மெயில் அனுப்புவதற்கு மணித்தியாலத்துக்கு எல்லை உண்டு, டியூட்டரிக்கு மெயில் தேவைப்படவே இல்லை என்பதால் நான் ஆழமாகப் பார்க்கவில்லை. ஆப் டிபக்கை (எரர் விவரத்தைத் திரையில் கொட்டும் செட்டிங்) மட்டும் தயவுசெய்து மூடிவிடுங்கள். 2021-இல் லாரவெலின் எரர் பக்கத்தைக் காட்டும் இக்னிஷன் பகுதியில், டிபக் திறந்திருந்தால் வெளியாள் சேர்வரிலேயே கோட் ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது. அது அடைக்கப்பட்டு வருடங்களாகிறது, ஆனால் டிபக்கோடு ஓடும் டியூட்டரி, கெஸ்ட் ஹவுஸ் தளங்களை நுவரெலியா, எல்ல பக்கம் இன்னும் பார்க்கிறேன்.

உள்ளூர்க் கம்பனி என்றால் சேர்வரும் உள்ளூரில் என்று நினைக்க வேண்டாம். முதல் கம்பனியின் சேர்வர் அமெரிக்காவில், இப்போதைய கம்பனியினுடையது சிங்கப்பூரில். இங்கேயிருந்து அமெரிக்காவுக்கு ஒரு தடவை போய்வரவே கிட்டத்தட்ட கால் செக்கன் ஆகும், சிக்னல் பலவீனமான இடத்தில் அது நன்றாகவே உறைக்கும். இதையும் கேட்டு வாங்குங்கள்.

சப்போர்ட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் ரிவியூ முழுமையாகாது. டிக்கெட்டை ஆங்கிலத்தில்தான் போட வேண்டும், போனில் எடுத்தால் சிங்களம். இரண்டு கம்பனியிலும் தமிழில் பேச ஆள் இல்லை, மலைநாட்டிலும் வடக்கிலும் இவ்வளவு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு இது குறைதான். எனக்குச் சமாளிக்க முடிகிறது, சேர் தனியாக இருந்தால் சிரமப்படுவார். ஆனால் இப்போதைய கம்பனியில் போனில் வருகிற அந்தப் பொடியன் நல்லவன், லொக் பைலைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிறான், கேஷை கிளியர் பண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைப்பதில்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பதில் அடுத்த நாள்தான். பேக்கப் இரவில் எடுப்பதாகச் சொல்கிறார்கள், நான் அதை நம்பி இருக்கவில்லை, டேட்டாபேஸை ஒவ்வொரு நாளும் கிரோனில் டம்ப் எடுத்து வெளியே அனுப்பிவிடுகிறேன்.

மார்க் போடச் சொன்னால் முதல் கம்பனிக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் வேர்ட்பிரஸ் போடுகிறவர்களுக்காக. இப்போதையதற்கு நான்கு. தினமும் ஆயிரக்கணக்கானோர் வருகிற தளம், நேரடிச் சாட், வெப்சொக்கெட், வீடியோ என்று போகிறவர்களுக்கு இரண்டுமே சரிவராது, அவர்கள் விபிஎஸ் பக்கம் போகட்டும். டியூட்டரி, கடைக் கணக்கு, மரண உதவிச் சங்கம், கெஸ்ட் ஹவுஸ் புக்கிங் என்ற அளவுக்கு இது போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. எஸ்எஸ்எச் தருகிறோம் என்று எழுதியிருந்தாலும் கணக்கு திறந்த கையோடு அது வேலை செய்யாது, டிக்கெட் போட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டைப் படம் கேட்பார்கள். சனி, ஞாயிறில் அதைப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே திங்கட்கிழமை காலையில் காசைக் கட்டுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டிவிட்டு அந்த வார இறுதியிலேயே ஆப்பைப் போட்டுத் தருவதாகச் சேருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.